பிரைட் டின் பாத்தில் என்ன ஊற்றுகிறோம், எப்போது ஊற்றுகிறோம்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

பிரைட் டின் பாத் என்பது, பாகங்களுக்கு மின்முலாம் மூலம் பளபளப்பான டின் (வெள்ளீயம்) பூச்சு கொடுக்கும் கரைசல். என் முதல் பாத்தைப் போட்டபோது, ஜாப் (பூசும் பாகம்) மங்கினால் பிரைட்னர் (பளபளப்புத் தரும் ரசாயனம்) ஊற்ற வேண்டும் என்று மட்டும்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஊற்றினேன். ஒரு மணி நேரம் பளபளப்பாக வந்தது, அப்புறம் மறுபடி மங்கியது. மறுபடி ஊற்றினேன். ஆறாவது வாரம் டேங்கின் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தது. பூச்சை வளைத்தால் உதிர்ந்தது, சால்டர் ஒட்டவில்லை. குறை பிரைட்னரில் இல்லவே இல்லை. பாத் 32 டிகிரிக்குச் சூடாகியிருந்தது. குளிரவைக்க வேண்டிய பாத்தில் ரசாயனத்தை ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன். அதை மீட்டெடுக்க நான்கு நாள் வேலை நின்றது.

அந்த நான்கு நாளும் உங்களுக்கு வரக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். இங்கே சொல்வதெல்லாம் சல்பேட் அமில பாத்துக்கு. மீத்தேன் சல்ஃபோனிக் அமில பாத்துக்கும் தத்துவம் ஏறக்குறைய இதுதான், ஆனால் அதன் சேர்மானங்கள் வேறு. இதில் இருப்பதை எடுத்து அதில் ஊற்றக் கூடாது. காரத்தன்மையுள்ள ஸ்டானேட் பாத்துக்கு இது பொருந்தாது.

1. பிரைட் டின்தான் வேண்டுமா என்று முதலில் கேளுங்கள்

பளபளப்பு இனாமாக வருவதில்லை. பிரைட்னரில் உள்ள கரிமப் பொருளில் ஒரு பகுதி பூச்சுக்குள்ளேயே புதைகிறது. அதனால் பூச்சில் உள்ளழுத்தம் கூடுகிறது. காலப்போக்கில் அந்த அழுத்தம் மயிரிழை போன்ற டின் இழைகளை வெளியே தள்ளும். விஸ்கர் என்பது இதுதான். நெருக்கமான முனைகள் உள்ள மின்னணுப் பாகத்தில் ஒரே ஒரு இழை போதும், ஷார்ட் ஆகிவிடும். அதனால்தான் அந்த வகை வேலைகளுக்குப் பெரும்பாலும் மேட் டின் (பளபளப்பில்லாத டின்) கேட்கிறார்கள்.

இன்னொன்று: டின் 232 டிகிரியில் உருகும். பூசிய பிறகு உருக்கி ஓட வைக்கும் வேலை என்றால், உள்ளே புதைந்த கரிமப் பொருள் வாயுவாகி வெளியேறும், பூச்சு கொப்பளிக்கும்.

கனெக்டர், லக், பஸ்பார் போன்ற கண்ணுக்குத் தெரியும் பாகங்களுக்குப் பிரைட் டின் நன்றாகவே பொருந்தும். ஆனால் வாடிக்கையாளரின் வரைபடத்தில் 'டின்' என்று மட்டும் இருந்தால், பிரைட்டா மேட்டா, எத்தனை மைக்ரான், அடிப்பூச்சு உண்டா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஐஎஸ்ஓ 2093, ஏஎஸ்டிஎம் பி545 இரண்டும் டின் பூச்சுக்கான தரநிலைகள். வரைபடத்தில் எந்த எண் இருக்கிறதோ அதன் படியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பாகம் பித்தளை என்றால் அதன் மேல் நேரடியாக டின் பூசாதீர்கள். பித்தளையின் துத்தநாகம் மெல்ல மேலே ஊடுருவி வந்து பூச்சைக் கெடுக்கும், சால்டர் பிடிக்காது. இடையில் நிக்கல் அல்லது தாமிர அடிப்பூச்சு வேண்டும்.

2. எந்தப் புட்டியில் என்ன இருக்கிறது

ஸ்டானஸ் சல்பேட்டும் சல்பியூரிக் ஆசிடும் மட்டும் உள்ள பாத்தில் கரண்ட் விட்டால், டின் ஊசி ஊசியாகவும் மரக்கிளை போலவும் வளரும். டின் அயனி உலோகமாக மாறும் வேகம் மிக அதிகம். எங்கே முனை நீட்டியிருக்கிறதோ அங்கேயே போய்ச் சேரும். சேர்மானங்கள் பரப்பில் ஒட்டிக்கொண்டு அந்த வேகத்தைத் தடுக்கின்றன. அதனால்தான் பூச்சு நெருக்கமாகவும் வழவழப்பாகவும் வருகிறது. இவற்றில் நான்கு வகை உண்டு.

கேரியர் என்பது அயனித்தன்மை இல்லாத சோப்பு வகை. நோனைல்ஃபீனால், நாஃப்தால் போன்றவற்றுடன் எத்திலீன் ஆக்சைடு சேர்த்துச் செய்வது. இதற்கு இரண்டு வேலை. ஊசி வளர்ச்சியைத் தடுத்து நெருக்கமான பூச்சு கொடுப்பது ஒன்று. தண்ணீரில் எளிதில் கரையாத பிரைட்னரைக் கரைத்து வைத்திருப்பது இன்னொன்று. இந்த இரண்டாவது வேலையை மறக்கவே மறக்காதீர்கள், பாதி கோளாறு இங்கிருந்துதான் வருகிறது.

முதன்மை பிரைட்னர் பெரும்பாலும் பென்சிலிடீன் அசிட்டோன், ஆர்த்தோ குளோரோபென்சால்டிஹைடு போன்ற வாசனைமிக்க ஆல்டிஹைடு, கீட்டோன் வகை. கண்ணாடிப் பளபளப்பு இதிலிருந்து வருகிறது. மெத்தனால் போன்ற ஒரு கரைப்பானில் கலந்து விற்பார்கள். தீப்பிடிக்கும் புட்டி அது, ஹீட்டர் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

துணை பிரைட்னர் என்பது மெத்தாக்ரிலிக் அமிலம், ஃபார்மால்டிஹைடு போன்றவை. குறைந்த கரண்ட் விழும் குழிவுகளிலும் உள்மூலைகளிலும் பளபளப்பை நீட்டிக்கொடுப்பது இவைதான்.

நான்காவது ஆக்சிஜனேற்றத் தடுப்பான்: ஹைட்ரோகுவினோன், கேட்டகால், ஃபீனால் சல்ஃபோனிக் அமிலம் போன்றவை. ஸ்டானஸ் டின் (பூச்சாகப் படியும் வடிவம்) காற்றுப்பட்டு ஸ்டானிக் டின்னாக (பூச்சுக்கு உதவாத வடிவம்) மாறுவதை இவை தாமதப்படுத்தும். நிறுத்திவிடாது, தாமதம் மட்டுமே.

கடையில் இவை நான்கு புட்டியாக வராது. பாத் போடும்போது ஊற்றும் மேக்கப் ஒன்று, தினசரி ஊற்றும் பிரைட்னர் ஒன்று என்று இரண்டாக வரும். மேக்கப்பில் கேரியர் அதிகம், தினசரிப் புட்டியில் பிரைட்னர் அதிகம். ஒன்றுக்கு பதில் இன்னொன்றை ஊற்றுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. புட்டிகளில் பெரிய எழுத்தில் வேறு வேறு நிறத்தில் எழுதி ஒட்டுங்கள்.

3. பணம் கொடுப்பதற்கு முன் வாங்க வேண்டிய தாள்கள்

மூன்று தாள்: தொழில்நுட்பத் தாள், பாதுகாப்புத் தரவுத் தாள், அந்த பேட்சின் ஆய்வுச் சான்று. இந்த மூன்றும் தர மறுப்பவரிடம் விலை குறைவு என்பதற்காக வாங்காதீர்கள்.

தொழில்நுட்பத் தாளில் நான் முதலில் தேடுவது ஒரே ஒரு வரி: ஆயிரம் ஆம்பியர்-ஹவருக்கு (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய கணக்கு) எத்தனை மில்லி. அது இல்லாத தாள் விளம்பரத் தாள்தான். அப்புறம் வெப்பநிலை வரம்பு, ஹல் செல் (பாத்தைச் சோதிக்கும் சிறு தொட்டி, 6-ஆம் பகுதியில் வருகிறது) நிபந்தனை, புட்டி எத்தனை மாதம் தாங்கும் என்பவை.

பாதுகாப்புத் தாளில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறதா என்று பாருங்கள். அது புற்றுநோய் உண்டாக்கும் என்று வகைப்படுத்தப்பட்ட பொருள். பென்சிலிடீன் அசிட்டோன் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். கையுறை இல்லாமல் பழகியவர்களுக்கு ஒரு நாள் திடீரென்று கை வெடித்துச் சிவக்கும், அதன் பிறகு சிறு துளி பட்டாலும் தாங்காது. நோனைல்ஃபீனால் வகை சோப்புகளுக்கு ஐரோப்பியச் சந்தையில் கட்டுப்பாடு உண்டு. உங்கள் ஜாப் அங்கே போகிறதென்றால் இதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஒரு நிறுவனத்தின் மேக்கப்பையும் இன்னொரு நிறுவனத்தின் பிரைட்னரையும் கலக்கவே வேண்டாம். முதல் வாரம் ஒத்துப்போவது போலத் தெரியும். கேரியர் தாங்கக்கூடிய பிரைட்னர் வேறு, நீங்கள் ஊற்றுவது வேறு என்றால் எண்ணெயாகப் பிரிந்துவிடும்.

4. பாத் போடும் வரிசை

ஒரு நாள் ஒதுக்குங்கள். அவசரமாக ஜாப் ஓட்ட வேண்டிய நாளில் பாத் போடாதீர்கள். கீழே உள்ள அளவு 100 லிட்டருக்கு. உங்கள் தாளில் வேறு எண் இருந்தால் தாள் சொல்வதையே பின்பற்றுங்கள்.

பாலிப்ரொப்பிலீன் அல்லது பிவிசி டேங்க், புது ஆனோட் பை (ஆனோட் என்பது பாத்தில் கரைந்து டின் தரும் நேர்முனை), புது ஃபில்டர் எல்லாவற்றையும் முதல் நாளே 5 சதவீத சல்பியூரிக் ஆசிடில் இரவு முழுக்க ஊறவிட்டுக் கழுவுங்கள். புதுத் துணியிலும் ஃபில்டரிலும் இருக்கும் மெழுகும் பசையும் பாத்தில் இறங்கினால் முதல் தகடே புள்ளி புள்ளியாக வரும்.

அயனி நீக்கிய தண்ணீர் 70 லிட்டர் விடுங்கள். குளோரைடு உள்ள குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதில் அடர் சல்பியூரிக் ஆசிட் 10 லிட்டரை மெல்ல மெல்லக் கலக்குங்கள். தண்ணீருக்குள்தான் ஆசிட் போக வேண்டும், ஆசிடுக்குள் தண்ணீர் ஒருபோதும் போகக் கூடாது. கொதித்து முகத்தில் தெறிக்கும். கண்ணாடி, முகக்கவசம், கையுறை இல்லாமல் இதைத் தொடாதீர்கள்.

டேங்க் நன்றாகச் சூடேறும். 25 டிகிரிக்குக் கீழே இறங்கும் வரை காத்திருங்கள். பல மணி நேரம் ஆகும், ஆகட்டும். பிறகு ஸ்டானஸ் சல்பேட் 4 கிலோவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையுங்கள். தூள் வெள்ளையாக இருக்க வேண்டும். மஞ்சளடித்திருந்தால் பழசு, ஏற்கெனவே ஆக்சிஜனேற்றம் ஆகிவிட்டது என்று அர்த்தம். 4 கிலோவில் உலோக டின் சுமார் 2.2 கிலோ, அதாவது லிட்டருக்கு 22 கிராம்.

ஃபில்டர் செய்து தெளிந்த பிறகுதான் மேக்கப். அது முழுக்கக் கலந்த பிறகு பிரைட்னர். பிரைட்னரை நேரடியாக டேங்கில் கொட்டாமல், ஒரு வாளி பாத் கரைசலில் கலக்கி மெல்ல ஊற்றுங்கள். வரிசை மாறினால், அதாவது கேரியர் இல்லாத பாத்தில் பிரைட்னர் முதலில் போனால், துளித்துளியாக மிதக்கும், திரும்பக் கரையாது. கடைசியில் அளவு வரை தண்ணீர் விட்டு, ஓரிரு மணி நேரம் டம்மி தகடு (ஜாப்புக்குப் பதிலாகத் தொங்கவிடும் வேண்டாத தகடு) போட்டுக் குறைந்த கரண்டில் ஓட்டுங்கள்.

ஆனோட் 99.9 சதவீதத் தூய டின், பாலிப்ரொப்பிலீன் பையில். ஆனோட் பரப்பு ஜாப் பரப்பைப் போல இரண்டு மடங்கு இருக்கட்டும். ஆனோட் குறைவாக இருந்தால் அதன் மேல் படலம் கட்டி ஆக்சிஜன் வெளியாகும், அந்த ஆக்சிஜன் உங்கள் டின்னைத்தான் கெடுக்கும். கலக்குவதற்குக் காற்றடிக்கும் பைப் வேண்டவே வேண்டாம். கேத்தோட் தண்டு (ஜாப் தொங்கும் தண்டு) முன்னும் பின்னும் அசைந்தால் போதும்.

5. வெப்பநிலை

18 முதல் 22 டிகிரி. இதற்குள் வைத்திருக்க முடிந்தால் உங்கள் பிரச்சினைகளில் பாதி வராது.

காரணம் கேரியரில் இருக்கிறது. அயனித்தன்மை இல்லாத சோப்பு, சூடு கூடக் கூடக் கரைதிறனை இழக்கும். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையைத் தாண்டினால் கரைசல் கலங்கி, சோப்பு தனியாகப் பிரியும். உப்பும் அமிலமும் நிறைந்த பாத்தில் அந்த வெப்பநிலை இன்னும் கீழே இறங்கிவிடும். கேரியர் பிரிந்தால் அது பிடித்து வைத்திருந்த பிரைட்னரும் கூடவே பிரியும். பாத்தில் பிரைட்னர் இருக்கும், ஜாப்பில் வேலை செய்யாது. நீங்கள் பார்ப்பது மங்கல். இன்னும் ஊற்றுகிறீர்கள். இரவில் பாத் குளிர்ந்ததும், ஊற்றியதில் ஒரு பகுதி மறுபடி கரைந்து காலையில் அளவுக்கு மீறி நிற்கும். எனக்கு நடந்தது சரியாக இதுதான்.

சூட்டில் ஸ்டானஸ் டின் ஆக்சிஜனேற்றம் ஆகும் வேகமும் கூடும், பிரைட்னர் ஆவியாவதும் கூடும். கரண்டே பாத்தைச் சூடாக்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள்: காலையில் 20 இருந்த பாத் மதியத்துக்குள் 27 ஆகலாம். சில்லர் (பாத்தைக் குளிரவைக்கும் கருவி) வாங்க வசதி இல்லாமல் தொடங்குபவர்கள், பெரிய டேங்கில் குறைந்த கரண்டில் ஓட்டினால் சூடேறுவது மெதுவாகும். என் அபிப்பிராயத்தில் சில்லர்தான் இந்த வேலையில் முதலில் வாங்க வேண்டிய கருவி, ரெக்டிஃபயருக்கு (பாத்துக்கு நேர்மின்சாரம் தரும் கருவி) அடுத்தபடியாக.

6. ஹல் செல் இல்லாமல் ஒரு மில்லிகூட ஊற்றாதீர்கள்

267 மில்லி பிடிக்கும் சாய்ந்த சிறு தொட்டி. ஒரு பித்தளைத் தகட்டைச் சாய்வாக வைத்து 1 ஆம்பியரில் 5 நிமிடம் ஓட்டினால், தகட்டின் ஒரு முனையில் டெசிமீட்டர் சதுரத்துக்கு சுமார் 5 ஆம்பியர், மறுமுனையில் 0.1 ஆம்பியர் என்று எல்லாக் கரண்டும் ஒரே தகட்டில் பதிந்துவிடும். சோதனையையும் பாத்தின் வெப்பநிலையிலேயே செய்யுங்கள், கண்ணாடிக் குச்சியால் ஒரே சீராக அசைத்துக்கொண்டு.

தகட்டை இப்படிப் படியுங்கள். அதிகக் கரண்ட் முனை கருகிச் சொரசொரப்பாக இருந்தால் டின் அல்லது கேரியர் குறைவு. குறைந்த கரண்ட் முனை மட்டும் மங்கலாக இருந்தால் பிரைட்னர் குறைவு, அல்லது தாமிரம் கலந்திருக்கிறது. முழுக்கப் பளபளப்பாக இருந்தும் வளைத்தால் உதிர்ந்தால் பிரைட்னர் கூடிவிட்டது. நெடுக்குக் கோடுகளும் துளி வடிவத் திட்டுகளும் தெரிந்தால் பிரைட்னர் பிரிந்து நிற்கிறது, வெப்பநிலையைப் பாருங்கள்.

செல்லில் 0.27 மில்லி சேர்ப்பது, 100 லிட்டர் டேங்கில் 100 மில்லி ஊற்றுவதற்குச் சமம். அதனால் 1 மில்லி சிரிஞ்ச் கட்டாயம் வேண்டும், சொட்டுக் கணக்கு உதவாது. மூன்று நான்கு தகட்டுக்கு ஒருமுறை செல்லில் புதுக் கரைசல் மாற்றுங்கள். நல்ல பாத்தின் தகடு ஒன்றைத் தேதி எழுதிக் காற்றுப்படாமல் பாதுகாத்து வையுங்கள். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல ஆவணம் இல்லை. ஒரு சோதனைக்கு மொத்தம் அரை மணி நேரம் ஆகும். தினமும் ஒன்று செய்யுங்கள்.

7. ஆம்பியர்-ஹவர் கணக்கும் பதிவேடும்

பிரைட்னரைத் தின்பது கரண்ட். கேரியர் குறைவது பெரும்பாலும் ஜாப்போடு ஒட்டிக்கொண்டு வெளியே போவதால். இந்த ஒரு வேறுபாடு புரிந்தால் எதை எப்போது ஊற்றுவது என்பது தெளிவாகிவிடும். பிரைட்னர் ஆம்பியர்-ஹவர் கணக்கில்; மேக்கப், வெளியே போன கரைசலுக்கு ஈடாகப் பாத்தை நிரப்பும் கணக்கில்.

80 ஆம்பியரில் 6 மணி நேரம் ஓட்டினால் 480 ஆம்பியர்-ஹவர். உதாரணத்துக்கு உங்கள் தாள் ஆயிரத்துக்கு 250 மில்லி என்று சொன்னால், 120 மில்லி. அதையும் ஒரே தடவையாக ஊற்றாமல் இரண்டு மூன்றாகப் பிரித்து ஊற்றுங்கள். பாரல் வேலையில் (சிறு பாகங்களைச் சுழலும் உருளையில் போட்டுப் பூசுவது) கரைசல் அதிகம் வெளியே போகும், கேரியரை அடிக்கடி பார்க்க வேண்டும்.

பதிவேட்டில் தினமும் தேதி, வெப்பநிலை காலையும் மதியமும், ஆம்பியர்-ஹவர், என்ன ஊற்றினோம், எந்த பேட்ச், ஹல் செல் முடிவு. வாரம் ஒருமுறை டின்னையும் அமிலத்தையும் அளந்து எழுதுங்கள். டின்னுக்கு அயோடின் டைட்ரேஷன், அதில் 0.1 நார்மல் அயோடின் 1 மில்லிக்கு 5.94 மில்லிகிராம் ஸ்டானஸ் டின். சாம்பிளைக் காற்றில் நெடுநேரம் வைத்துவிட்டு அளந்தால் எண் குறைவாக வரும்.

நேரக் கணக்கும் இங்கேயே: டெசிமீட்டர் சதுரத்துக்கு 2 ஆம்பியரில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 மைக்ரான் ஏறும். 8 மைக்ரான் வேண்டுமென்றால் 8 நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வையுங்கள். 1 கிலோ டின் படிய சுமார் 450 ஆம்பியர்-ஹவர்.

8. மங்கினால் பார்க்கும் வரிசை

வெப்பநிலை. காண்டாக்டும் கரண்டும். ஜாப் சுத்தமாக வந்ததா. டின்னும் அமிலமும். ஹல் செல். இவை ஐந்தும் முடிந்த பிறகுதான் புட்டியின் மூடியைத் திறக்க வேண்டும்.

டேங்கில் விழுந்த தாமிர, பித்தளைத் துண்டுகளைக் காந்தம் எடுக்காது. வாரம் ஒருமுறை கையுறை போட்டு வலையால் துழாவி எடுங்கள். கரைந்த தாமிரத்தை, டெசிமீட்டர் சதுரத்துக்கு 0.2 ஆம்பியர் அளவில் டம்மி தகடு ஓட்டி வெளியேற்றலாம். டேங்குக்கு முந்தைய டிப்புக்கு 5 சதவீத சல்பியூரிக் ஆசிடையே வையுங்கள், ஹைட்ரோகுளோரிக் வேண்டாம்.

பூசும்போது பளபளப்பாக இருந்து, அடுக்கி வைத்த இரண்டாம் வாரம் மஞ்சளடித்தால் பாத்தைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் கழுவுவது போதவில்லை. டிரைசோடியம் பாஸ்பேட் கரைசலில் ஒரு டிப், நல்ல தண்ணீரில் கழுவல், சுடுதண்ணீரில் முக்கி உலர்த்தல் என்று மாற்றிய பிறகு எனக்கு அந்தப் புகார் நின்றது.

9. கலங்கிய பாத்தும் கெட்ட பாத்தும்

பால் கலந்தது போலக் கலங்கினால் அது ஸ்டானிக் டின். மிக நுண்ணிய துகள், சாதாரண ஃபில்டரில் நிற்காது. இதற்கென விற்கும் பாலிஅக்ரிலமைடு வகைத் திரட்டியைச் சேர்த்து, இரவு முழுக்க அசையாமல் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் எடுக்க வேண்டும். முதலில் ஒரு லிட்டர் ஜாரில் செய்து பாருங்கள். திரட்டி கூடிவிட்டால் அதுவே ஒரு மாசு.

பழுப்பேறி, கெட்டியாகி, எதை ஊற்றினாலும் பளபளக்காத பாத்தில் சிதைந்த பிரைட்னர் சேர்ந்திருக்கிறது. லிட்டருக்கு 3 முதல் 5 கிராம் தூள் கார்பன், சூடாக்காமல், காற்றடிக்காமல் ஒரு மணி நேரம் கலக்கி, இரவு படியவிட்டு, காலையில் ஃபில்டர். இது இரண்டு நாள் வேலை. கார்பன் நல்லது கெட்டது பார்க்காது, கேரியரையும் பிரைட்னரையும் சேர்த்தே எடுத்துவிடும். அதனால் இந்தச் செலவில் மேக்கப்பின் விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பலர் அதை விட்டுவிட்டு, கார்பன் போட்ட பிறகு பாத் மோசமானது என்று பயந்துபோகிறார்கள்.

10. செலவும் கழிவும்

ஆரம்பத்தில் பெரிய தொகை ஸ்டானஸ் சல்பேட்டுக்கும் ஆனோட்டுக்கும் போகும். ஆனால் அவை பெரும்பாலும் ஜாப்பில் போய்ச் சேர்கின்றன, வாடிக்கையாளரிடம் அதற்கு விலை வாங்கலாம். யாரும் பணம் தராத செலவு இரண்டு: கழுவும் தண்ணீரோடு ஓடிப்போகும் கரைசல், தேவையில்லாமல் ஊற்றும் பிரைட்னர். முதலாவதைக் குறைக்க, ஜாப்பை டேங்குக்கு மேலேயே அரை நிமிடம் வடியவிட்டு, ஓடாத ஒரு கழுவு தொட்டியில் முக்கி எடுங்கள். பாத்தை நிரப்ப அந்தத் தண்ணீரையே பயன்படுத்தலாம், தெளிவாக இருக்கும் வரை.

கழிவு நீரைச் சுண்ணாம்பு போட்டு பிஎச் 8 முதல் 9-க்குள் கொண்டுவந்தால் டின் ஹைட்ராக்சைடாகப் படியும். காரம் மிகவும் கூடினால் அது மறுபடி கரைந்துவிடும், அதனால் மீட்டர் வைத்தே செய்யுங்கள். ஆனால் கேரியரும் ஹைட்ரோகுவினோனும் இந்த முறையில் படியாது. ஹைட்ரோகுவினோன் மீனுக்குக் கடும் நஞ்சு. அமிலத்தை நடுநிலையாக்கிவிட்டோம், தண்ணீர் தெளிவாகத் தெரிகிறது என்று வடிகாலில் விடாதீர்கள். கழிவு நீர் அனுமதி வாங்கும்போதே இந்த இரண்டு பொருளையும் விண்ணப்பத்தில் எழுதுங்கள், பாதுகாப்புத் தரவுத் தாளின் படியையும் இணைத்து. அனுமதி கைக்கு வந்த பிறகு பாத் போடுங்கள்.